ஹாரனை மாத்துறதுக்கு முன்னாடி வயரைப் பாருங்க



படகு ஹாரனைப் பத்தி ஒரு பொம்பளை என்ன பேசப் போறான்னு சில பேர் நினைக்கலாம். கோவளத்துல இருந்து சதுரங்கப்பட்டினம் வரைக்கும் நம்ம ஃபைபர் படகுக்குப் போற பேட்டரி யார் வீட்டுத் திண்ணையில சார்ஜ் ஆகுது? நம்ம வீட்டுல. ஹாரன் வாங்கக் கடன் எந்த நோட்டுல எழுதுறோம்? நம்ம குழு நோட்டுல. அப்போ இது நம்ம விஷயம்தான்.

மார்கழி, தை மாசத்துல விடியக்காலம் கடல்மேல பனி மூடுதே, அப்போ பத்து அடி தள்ளி இருக்கிற படகுகூடக் கண்ணுக்குத் தெரியாது. காதுதான் கண். அதுக்குத்தான் ஹாரன். 1972ல எல்லா நாடும் சேர்ந்து கடலுக்குப் போட்ட விதியில, 12 மீட்டருக்குக் குறைஞ்ச படகுலயும் நல்லாக் கேக்குற மாதிரி ஒலி எழுப்ப ஏதாவது ஒண்ணு இருக்கணும்னு இருக்கு. பனியில ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவையாவது ஒலி கொடுக்கணும். ஒரு சின்ன ஊது ஊதினா வலப்பக்கம் திரும்புறேன்னு அர்த்தம். ரெண்டு ஊதினா இடப்பக்கம். மூணு ஊதினா எஞ்சினைப் பின்னால ஓட்டுறேன்னு அர்த்தம். சட்டுசட்டுனு அஞ்சு ஊதினா, "நீ என்ன பண்றேன்னு எனக்குப் புரியல"ன்னு அர்த்தம். இதை நம்ம பிள்ளைங்களுக்கும் சொல்லிக் கொடுங்க.

போன வருஷம் எங்க படகு ஹாரன் ஆட்டுக்குட்டி கத்துற மாதிரி ஆகிப்போச்சு. கடையில கேட்டதுக்கு, "பெரிய ஹாரனா மாட்டுங்க, சரியாயிடும்"னு சொன்னாங்க. வீட்டுக்காரரும் கிளம்பிட்டாரு. எங்க தெருவுல ஐ.டி.ஐ. படிச்ச தம்பி ஒருத்தர், "இருங்க அண்ணி, முதல்ல அளந்து பாப்போம்"னு மல்டிமீட்டரை எடுத்துட்டு வந்தாரு. பேட்டரியில 12.6 வோல்ட், நிறைஞ்ச பேட்டரிதான். ஹாரனை அமுக்கிக்கிட்டே ஹாரன்கிட்ட அளந்தா 9.4 தான் காட்டுச்சு. நடுவுல மூணு வோல்ட்டை வயரே தின்னுடுச்சு. டேப்பைப் பிரிச்சுப் பார்த்தா, முறுக்கி விட்ட ஜாயின்ட் எல்லாம் பச்சைக் களிம்பு. உப்புத் தண்ணி கம்பிக்குள்ள ஏறி உள்ளயே அரிச்சிருக்கு. வயரை மாத்தின உடனே அதே பழைய ஹாரன் ஊரைக் கூட்டுற மாதிரி கத்துச்சு. வயர், ஃபியூஸ் எல்லாம் சேர்த்தாலும் புது ஹாரன் விலையில பாதிகூட ஆகல.

பெரிய ஹாரன் கூடுதல் கரன்ட் இழுக்கும். கெட்டுப்போன வயர்ல அதை மாட்டினா சத்தம் வராது, சூடுதான் வரும். பெட்ரோல் வாடை இருக்கிற படகுல சூடும் பொறியும் என்ன பண்ணும்னு நான் சொல்லவே வேண்டாம்.

நம்ம குழுவுக்குப் பஞ்சசூத்திரம் இருக்கிற மாதிரி படகு வயருக்கும் அஞ்சு விஷயம் சொல்றேன்.

ஒண்ணு, கை வைக்கிறதுக்கு முன்னாடி பேட்டரியோட மைனஸ் வயரைக் கழட்டிடணும். பேட்டரி டெர்மினலைத் தேய்ச்சுச் சுத்தம் பண்ணி, இறுக்கி மாட்டின பிறகு மேல வாசலின் தடவணும்.

ரெண்டு, பிளஸ் டெர்மினல்ல இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள ஃபியூஸ் இருக்கணும். ஃபியூஸ் போனா, ஏன் போச்சுன்னு பாக்கணும். கம்பியைச் சுத்தி விடுறது வேண்டாம்.

மூணு, வயரோட கனம். ஹாரன் 10 ஆம்பியர் இழுக்குது, பேட்டரிக்கு 5 மீட்டர் தள்ளி இருக்குதுன்னு வைங்க. போக 5, வர 5, மொத்தம் 10 மீட்டர் வயர். 1 ஸ்கொயர் எம்.எம். வயர்னா கிட்டத்தட்ட 1.7 வோல்ட் வழியிலயே போயிடும். 2.5 ஸ்கொயர் எம்.எம். போட்டா 0.7 தான் போகும். ஈயம் பூசின செப்புக் கம்பி கிடைச்சா இன்னும் நல்லது, சீக்கிரம் களிம்பு ஏறாது.

நாலு, வண்டியில இரும்பு உடம்பே மைனஸா வேலை செய்யும். ஃபைபர்ல கரன்ட் போகாது. அதனால படகு ஹாரனுக்கு ரெண்டு வயரும் பேட்டரி வரைக்கும் வரணும். பெரிய ஹாரன்னா ரிலே வைக்கணும், இல்லன்னா சுவிட்ச் கருகிப்போகும்.

அஞ்சு, ஜாயின்ட்டை முறுக்கி டேப் சுத்தாம, லக் வச்சு அமுக்கி மேல ஸ்லீவ் போட்டுச் சூடு பண்ணணும். ஹாரன் வாய் முன்பக்கமா, கொஞ்சம் கீழ சாய்ஞ்சு இருக்கணும். அப்போதான் அலைத் தண்ணி உள்ள தங்காது.

நம்ம திண்ணை வேலையும் ஒண்ணு இருக்கு. சார்ஜ் ஏறும்போது பேட்டரியில இருந்து தீப்பிடிக்கிற வாயு வரும். அடுப்புக்கிட்ட வைக்காதீங்க, காத்தோட்டமா வைங்க. கிளிப்பை மாட்டின பிறகு சுவிட்ச் போடுங்க. டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊத்துங்க, கிணத்துத் தண்ணி வேண்டாம்.

இன்னொண்ணையும் உண்மையாச் சொல்லணும். பெரிய கப்பல் மேல நிக்கிறவருக்கு நம்ம ஹாரன் கேக்கும்னு நம்பி இருக்க முடியாது. 2021 ஏப்ரல்ல, கேரளா பேப்பூர்ல இருந்து போன 'ரபா'ங்கிற விசைப்படகும் ஒரு சரக்குக் கப்பலும் மங்களூருக்கு அப்பால ராத்திரியில மோதிக்கிச்சு. படகுல இருந்தது 14 பேர். நம்ம தமிழ்நாட்டுக்காரங்களும் மேற்கு வங்காளத்துக்காரங்களும். உயிரோட மீட்டது ரெண்டே பேரை. அங்க யார் மேல தப்புன்னு பேச நான் வரல. கப்பலுக்கு நம்மளைக் காட்டுறது விளக்கும் ஒயர்லெஸ்ஸும்தான். அது ரெண்டும் ஓடுறது அதே பேட்டரியில, அதே மாதிரி வயர்லதான். ஹாரன் சத்தம் குறைஞ்சா அது வயர் நமக்குக் கொடுக்கிற எச்சரிக்கை. விளக்கு அணையிற வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

கூட்டமைப்புக்கு ரெண்டு வேண்டுகோள் வைக்கிறேன். ஒவ்வொரு குப்பத்துக் குழுவும் பொதுவா ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைக்கணும். ஹாரன், விளக்குன்னு கடன் கேட்டு வந்தா, "அமுக்கிக்கிட்டே அளந்தீங்களா, எத்தனை வோல்ட் வந்துச்சு?"ன்னு கேட்டு நோட்டுல எழுதின பிறகு பணம் கொடுக்கணும். வட்டி கணக்கு போடத் தெரிஞ்ச நமக்கு வோல்ட் கணக்கு பெரிய விஷயமே இல்ல.

கடலோரக் காவல்படையோட 1554 நம்பரை வீட்டுல எல்லார் போன்லயும் பதிஞ்சு வைங்க.