நெருப்பு மார்க்குக் கேட்பதில்லை
(தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சிகாகோ என்றால் நமக்கு மே தினம்தான் நினைவுக்கு வரும். 1886-ல் எட்டு மணி நேர வேலை கேட்டுத் தொழிலாளர்கள் ரத்தம் சிந்திய நகரம் அது. அதே நகரத்தில் நடந்த இன்னொரு போராட்டத்தைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறோம். அங்கே உழைப்பாளியை வாசலிலேயே நிறுத்தியது ஒரு பரீட்சைத் தாள்.

1995 ஜூலையில் சிகாகோ நகரசபை தீயணைப்புப் படைக்கு ஆள் எடுக்க எழுத்துப் பரீட்சை வைத்தது. 26,000 பேருக்கு மேல் எழுதினார்கள். நூற்றுக்கு 65 வாங்கினால் தேர்ச்சி. ஆனால் 1996 ஜனவரியில் இன்னொரு கோடு போட்டார்கள். 89-ம் அதற்கு மேலும் வாங்கியவர்கள் 'மிகத் தகுதியுள்ளவர்கள்'. அவர்களில் குலுக்கிப் போட்டு அடுத்த கட்டச் சோதனைக்கு அழைப்போம் என்றார்கள். 65 முதல் 88 வரை வாங்கியவர்களுக்கு என்ன பதில்? தேறிவிட்டீர்கள், ஆனால் அழைப்பு வருவது சந்தேகம் என்று கடிதம் போயிற்று.

இப்படி நடுவில் நிறுத்தப்பட்டவர்களில் கறுப்பின மக்கள் மட்டும் 6,000 பேருக்கு மேல். இந்த 89 என்ற கோடு கறுப்பினத்தவரைக் கடுமையாகப் பாதித்தது என்பதை நகரசபையே பின்னர் கோர்ட்டில் ஒப்புக்கொண்டது.

நாம் கேட்கிறோம்: 88 வாங்கியவனால் தூக்க முடியாத தண்ணீர்க் குழாயை 89 வாங்கியவன் தூக்கிவிடுவானா? புகை சூழ்ந்த மாடியில் மயங்கிக் கிடக்கும் குழந்தையைத் தோளில் போட்டு இறங்க ஒரு மார்க்கு உதவுமா? வேடிக்கையைக் கேளுங்கள். 2001-ல் கடைசி முறை ஆள் எடுத்தபோது மேல் பட்டியல் தீர்ந்துபோயிற்று. உடனே கீழ்ப் பட்டியலிலிருந்தே எடுத்தார்கள்! நேற்று ஆகாதவர் இன்று ஆகிவிட்டார்.

பரீட்சை கதவாக நிற்பது புதிதல்ல. வட கரோலினாவில் ட்யூக் பவர் கம்பெனியின் மின் நிலையத்தில் கறுப்பினத் தொழிலாளர்களுக்குக் கூலி வேலைப் பிரிவு மட்டும்தான். அங்கே கிடைத்த மிக உயர்ந்த கூலி, மற்றப் பிரிவுகளின் மிகக் குறைந்த கூலியைவிடக் குறைவு. 1965 ஜூலை 2-ல் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் அமலுக்கு வந்தது. அதே நாளில் கம்பெனி புதிதாக இரண்டு பரீட்சைகளைக் கொண்டுவந்தது! ஆனால் பள்ளிப் படிப்பை முடிக்காத பழைய வெள்ளைத் தொழிலாளர்கள் அதே வேலைகளை நன்றாகவே செய்துவந்தார்கள். தொழிலாளர்கள் வழக்காடினார்கள். செய்யப்போகும் வேலையோடு சம்பந்தமில்லாமல் ஒரு சாராரை வெளியே தள்ளும் பரீட்சை செல்லாது என்று 1971-ல் சுப்ரீம் கோர்ட் ஒருமனதாகச் சொல்லிற்று.

சிகாகோத் தோழர்களும் அந்த வழியில்தான் போனார்கள். நகரசபை என்ன சொல்லிற்று? 300 நாளுக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டும், கெடு தாண்டிவிட்டது என்றது! கீழ்க்கோர்ட்டில் ஜெயித்தவர்கள் 2008-ல் மேல்கோர்ட்டில் இந்தக் கெடுவினால் தோற்றார்கள். 2010-ல் சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள்: அந்தப் பட்டியலைப் பயன்படுத்தி ஆள் எடுக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் புகார் செய்யலாம்.

111 பேருக்கு வேலையும் மற்றவர்களுக்கு நஷ்ட ஈடும் தர வேண்டியதாயிற்று. 6,000 பேரில் 111 பேர்! 1995-ல் 25 வயது இளைஞனுக்கு 2012-ல் 42 வயது. அந்த 17 வருஷத்தை எந்தக் கோர்ட் திருப்பித் தரும்?

இதனால் பரீட்சையே வேண்டாம் என்கிறோமா? இல்லை. தீயணைப்புத் தொழிலாளி ஏணி ஏறவும் வேண்டும். ரசாயனப் பீப்பாயின் எச்சரிக்கையை வாசிக்கவும் வேண்டும். இரண்டையும் சோதிக்கட்டும். நடவு நடுபவரை வயலில் சோதியுங்கள். தறி ஓட்டுபவரைத் தறியில் சோதியுங்கள் என்பதே நம் வாதம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நியூ ஹேவன் நகரில் 2003-ல் தீயணைப்புப் படையில் பதவி உயர்வுக்குப் பரீட்சை நடந்தது. 118 பேர் எழுதினார்கள். முடிவில் கறுப்பினத்தவர் யாருக்கும் உயர்வு கிடைக்காது என்று தெரிந்ததும் நகராட்சி முடிவையே ரத்துச் செய்தது. மாதக்கணக்கில் கண்விழித்துப் படித்த வெள்ளைத் தொழிலாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2009-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஜெயித்தார்கள். அவர்களை நாம் பழிக்கலாமா? கூடாது. அவர்களும் உழைப்பாளிகள்தான். பரீட்சையை வைத்த நிர்வாகம், பிறகு அதைக் கிழித்தெறிந்து இரு சாராரையும் மோதவிட்டது. குற்றம் நிர்வாகத்துடையது.

ஆகவே தோழர்களே, எந்த வேலைக்குப் பரீட்சை என்று அறிவிப்பு வந்தாலும் அன்றே மூன்று கேள்வி கேளுங்கள். இந்தக் கேள்வித்தாளுக்கும் அந்த வேலைக்கும் என்ன சம்பந்தம்? மார்க்குக் கோட்டை இந்த இடத்தில் போட்டதற்கு என்ன காரணம்? அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள் யார் யார்? அடுத்த நாளைக்கு என்று தள்ளாதீர்கள். தனியாக ஒருவர் கேட்டால் கடிதம்தான் பதிலாக வரும். சேர்ந்து கேட்டால் கதவு திறக்கும்.