நூற்றுக்கு எத்தனை?

(வரிச்சிக்குடி கிராமத்துக் கூட்டுறவு அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



கடன் பத்திரத்தில் கையொப்பமிடுமுன் ஒவ்வொரு குடியானவரும் தாமே போட்டுப் பார்க்கவேண்டிய கணக்கு ஒன்று உண்டு. அது பள்ளிப் பிள்ளைகள் பயிலும் சதவீதக் கணக்கேயாகும்.

சதவீதம் என்பது நூற்றுக்கு இத்தனை என்பதேயன்றி வேறன்று. முழுத்தொகையை நூறு பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, அதுவே நூற்றுக்கு ஒன்று. அப்பங்கை வேண்டிய எண்ணால் பெருக்க, விடை கிடைக்கும். ரூ. 24,000-இல் ஒரு பங்கு ரூ. 240. நூற்றுக்கு 7 எனில், 240-ஐ ஏழால் பெருக்க ரூ. 1,680 ஆகும். பூஜ்யத்தில் முடியாத தொகைக்கும் அஞ்சவேண்டுவதில்லை. ரூ. 4,350-இல் கடைசி இரண்டு இலக்கங்களுக்கு முன் புள்ளியிட்டால் ரூ. 43.50; அதுவே ஒரு பங்கு. முன்னோர் எண்சுவடியில் மனனம் செய்த பின்னங்களும் இங்கே துணைபுரியும். நூற்றுக்கு 50 அரை, 25 கால், 12½ அரைக்கால், 6¼ வீசம்.

கணக்கு எளிது, ஆயினும் ஏமாறும் இடங்கள் இரண்டு உள.

முதலாவது, காலம். சம்பா சாகுபடிக்காக ஒருவர் ஆறு மாதத் தவணையில் ரூ. 24,000 கடன் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சங்கத்தில் வட்டி ஏழு என்கின்றனர். வெளியார் ஒருவர் 'மூன்று வட்டி' என்கிறார். காதுக்கு மூன்றே சிறிதாகத் தோன்றும். ஆனால் சங்கத்தின் ஏழு ஆண்டுக்கு. வெளியாரின் மூன்றோ மாதத்துக்கு, அதாவது ஆண்டுக்கு 36. ஆறு மாதத்தில் சங்கத்துக்குச் செலுத்தும் வட்டி ரூ. 840; வெளியாருக்கு ரூ. 4,320. அறியாமையின் விலை ரூ. 3,480.

அணா வழங்கிய நாளிலும் இதே மயக்கம் இருந்தது. 'ரூபாய்க்கு மாதம் ஓரணா' என்பது அற்பமாகவே ஒலிக்கும். ரூபாய்க்கு 16 அணா ஆதலின், அது மாதம் நூற்றுக்கு 6¼, ஆண்டுக்கு 75. உழவரைக் கடுவட்டியினின்று மீட்கும் பொருட்டே 1904-இல் பிரிட்டிஷ் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே அப்போதைய செங்கற்பட்டு ஜில்லாவின் திரூரில் சங்கம் பதிவாயிற்று. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்கால் அச்சட்டத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டிருந்தது.

இரண்டாவது, எந்தத் தொகைக்கு என்பது. ரூ. 10,000-க்குப் பத்திரம் எழுதி, ரூ. 1,000-ஐ வட்டியாக முன்னரே பிடித்துக்கொண்டு, ரூ. 9,000 கொடுப்பதுண்டு. நூற்றுக்கு 10 என்றே சொல்லப்படும். கைக்கு வந்த ஒன்பதாயிரத்தைக் கொண்டு கணக்கிட்டால் அது 11-க்கு மேலாகும். நாள்தோறும் தவணை செலுத்துவோர்க்குப் பாரம் இன்னும் அதிகம். கையிலுள்ள முதல் நாளுக்கு நாள் குறைகின்றதன்றோ?

ஆதலின், கையொப்பமிடுமுன் மூன்று கேள்விகள் கேட்பீர்களாக: நூற்றுக்கு எத்தனை? எந்தக் காலத்துக்கு? எந்தத் தொகைக்கு? கணக்கு வராதவர் வீட்டிலுள்ள பள்ளிப் பிள்ளையைக் கொண்டு போட்டுப் பார்க்கலாம். அதில் வெட்கம் ஏதுமில்லை. கேளாமல் கையொப்பமிடுவதிலேதான் நஷ்டமுண்டு.