கோட்டயத்து எழுத்தாளர் கூட்டுறவு

எழுதுவோருக்குப் புகழ் உண்டு. பொருள் இல்லை என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் பேச்சு. முற்காலத்தில் மன்னரும் வள்ளல்களும் புலவரைப் புரந்தனர். அச்சுப்பொறி வந்தபின் புரவலரின் இடத்தில் பதிப்பாளர் வந்தமர்ந்தார். அவர் கொடுத்த சிறு தொகைக்குத் தம் நூலின் உரிமை முழுவதையும் எழுதிக்கொடுத்தவர் பலர். கடன் வாங்கித் தாமே அச்சிட்டு, விற்க வழியறியாது திகைத்தவர் வேறு சிலர். மலையாளத்தின் ஒப்பற்ற கதாசிரியரான வைக்கம் முகம்மது பஷீர் தம் நூல்களைத் தாமே சுமந்துசென்று விற்றவர்.

இந்நிலைக்கு மாற்றுக் காண முயன்ற ஒரு சங்கத்தின் வரலாற்றையே நேயர்களுக்குச் சொல்ல விழைகின்றேன். அது கேரளத்துக் கோட்டயத்தில் 1945ஆம் ஆண்டு தோன்றிய சாகித்திய பிரவர்த்தக சககரண சங்கம். இலக்கியப் பணியாளர் கூட்டுறவுச் சங்கம் என்பது அப்பெயரின் பொருள்.

கோட்டயம் அச்சுத்தொழிலுக்குப் பழகிய ஊர். பெஞ்சமின் பெய்லி என்னும் பாதிரியார் 1821ஆம் ஆண்டிலேயே அங்கு அச்சகம் நிறுவினார். நாளிதழ்கள் வளர்ந்ததும் அவ்வூரிலேதான். ஆயினும் அச்சகங்கள் பெருகியதனால் மட்டும் எழுத்தாளன் வீட்டு உலையில் அரிசி வேகவில்லை. எழுதுவோர் சிலர் ஒன்றுகூடி, நம் நூல்களை நாமே பதிப்பிப்போம், வரும் பயனை நாமே பகிர்வோம் என முடிவு செய்தனர். அவ்வாறு கூடியவர் 12 பேர். அவர்கள் திரட்டிய மூலதனம் 120 ரூபாய்.

அவர்களுள் இருவரைச் சிறப்பாகக் குறிப்பிடல் வேண்டும். ஒருவர் எம். பி. பால். கல்லூரி ஆசிரியர், நாவலைப் பற்றியும் சிறுகதையைப் பற்றியும் மலையாளத்தில் ஆழ்ந்த திறனாய்வு நூல்கள் இயற்றியவர். சங்கத்தின் தலைமையை அவர் ஏற்றார். மற்றவர் காரூர் நீலகண்ட பிள்ளை. அவர் தொடக்கப்பள்ளி ஆசிரியர். பசி பொறுக்கமாட்டாமல் மாணவனின் கட்டுச்சோற்றை எடுத்துண்ட ஓர் ஆசிரியரைப் பற்றி அவர் எழுதிய 'பொதிச்சோறு' என்னும் சிறுகதையை மலையாளிகள் இன்றும் மறக்கவில்லை. வறுமையின் தன்மையை இவ்வளவு நுட்பமாக அறிந்தவர் சங்கத்தின் செயலாளராக அமர்ந்து, பல்லாண்டுகள் அதன் கணக்கையும் காரியத்தையும் கவனித்துவந்தார்.

தகழி சிவசங்கர பிள்ளையின் கதைத்தொகுதியே சங்கம் வெளியிட்ட முதல் நூல். நூலாசிரியருக்குச் சங்கம் அளித்த உரிமைத்தொகை விலையில் 30 விழுக்காடு. பத்து விழுக்காடு கிடைத்தாலே பெரிதெனக் கருதும் பதிப்புலகில் இது வியக்கத்தக்க செய்தி. அந்நாளைய கணக்கில், ஒரு ரூபாய் விலையுள்ள நூல் ஒன்று விற்றால் ஏறக்குறைய ஐந்தணா எழுதியவரைச் சேரும். இத்தொகை கருணையால் வருவதன்று, உரிமையால் வருவது. ஒருவரை அண்டி நிற்பவரின் எழுத்துக்கும் தம் உழைப்பின் ஊதியம் பெறுபவரின் எழுத்துக்கும் வேறுபாடு உண்டன்றோ?

நூலை அச்சிடுவது பாதி வேலை, விற்பது மறுபாதி. டி. சி. கிழக்கேமுறி கோட்டயத்தில் நடத்திவந்த நேஷனல் புக் ஸ்டால் 1949ஆம் ஆண்டு சங்கத்தோடு இணைந்தது. அதன்பின் அச்சும் விற்பனையும் ஒரு குடைக்கீழ் வந்தன.

வாங்குவோர் இல்லையேல் கடை மட்டும் என்செய்யும்? இங்கே மற்றொரு வரலாறு துணைக்கு வருகின்றது. சங்கம் பிறந்த அதே 1945ஆம் ஆண்டு, செப்டம்பர் 14ஆம் நாள், அம்பலப்புழையில் 47 நூலகங்களின் சார்பாளர்கள் கூடினர். அவர்களைக் கூட்டியவர் பி. என். பணிக்கர் என்னும் பள்ளி ஆசிரியர். அன்று அமைந்த கிரந்தசாலா சங்கம் பின்னர்க் கேரளம் முழுவதும் பரவி, சிற்றூர்தோறும் படிப்பகம் தோன்ற வழிசெய்தது. 1975ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் குரூப்ஸ்காயா பரிசும் அதற்குக் கிடைத்தது. ஓர் ஊரின் நூலகம் வாங்கும் ஒரு படியை நூறு பேர் படிக்கலாம். நூறு நூலகங்கள் வாங்கினால் ஒரு பதிப்பின் பெரும்பகுதி விற்றுவிடும். எழுதுவோர் சங்கமும் படிப்போர் சங்கமும் ஒரே ஆண்டில் பிறந்தமை தற்செயலே ஆகலாம். ஆனால் ஒன்றின்றி மற்றொன்று செழித்திருக்குமோ என்பது ஐயம். தகழியின் 'செம்மீன்' முதலியவற்றைச் சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் படித்து மகிழ்ந்த தமிழரும் இத்தகைய சூழலின் பயனைத் துய்த்தவரே.

காலம் ஒரே நிலையில் நிற்பதில்லை. கிழக்கேமுறி 1974ஆம் ஆண்டு தம் பெயரால் தனிப் பதிப்பகம் தொடங்கினார். வேறு பல தனியார் பதிப்பகங்களும் வளர்ந்தன. ஒருகாலத்தில் மலையாளப் பதிப்புலகில் சங்கத்திற்கிருந்த தனியிடம் பின்னர் இல்லாதுபோயிற்று. கூட்டுறவு என்பது ஒருமுறை நட்டுவிட்டு மறந்துவிடக்கூடிய மரமன்று. நாள்தோறும் நீர் வேண்டும் பயிர். தொடங்கியோரின் தன்னலமின்மை பின்வருவோர்க்குத் தானாக வந்து சேர்வதில்லை.

ஆயினும் சங்கம் மறைந்துவிடவில்லை. எழுத்தின் வரலாற்றைக் காட்டும் 'அட்சரம்' என்னும் காட்சியகம் ஒன்று சங்கத்தின் முயற்சியால் 2024ஆம் ஆண்டு கோட்டயத்தில் திறக்கப்பெற்றது. அதனினும் பெரிய நினைவுச்சின்னம் ஒன்று உண்டு. தனியார் பதிப்பகங்களும் எழுத்தாளரிடம் கணக்குக் காட்டவேண்டும் என்னும் எதிர்பார்ப்பை அச்சங்கம் மலையாள நாட்டில் வேரூன்றச் செய்ததே அது.

இலக்கியம் வளரவேண்டும் என்று மேடைதோறும் பேசுகின்றோம். அது வளர்வதற்கு அறிஞரின் பாராட்டுரையோடு, ஒழுங்காக எழுதப்பட்ட கணக்குப் புத்தகமும் வேண்டும். விலை கொடுத்து நூல் வாங்கும் வாசகரும் வேண்டும். 120 ரூபாயோடு 12 பேர் தொடங்கிய வேலை நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே.