வேட்டைக்காரரின் கவலை

மான் குறைகிறதென்று முதலில் கவலையுற்றவர் யாவர்? துப்பாக்கி ஏந்தியவரே என்றால் நம்மிற் பலர் நகைப்போம். நீலகிரியில் அதுவே நிகழ்ந்தது. சோலைகள் காப்பிக்கும் தேயிலைக்கும் இடந்தந்து சுருங்கின. வேட்டைக்கோ பருவமில்லை, சினைமானும் தப்பவில்லை. கடமானும் வரையாடும் அருகிவரக் கண்ட ஆங்கில வேட்டைக்காரர் 1877இல் சங்கமொன்று அமைத்தனர். 1879இல் சென்னை அரசாங்கம் சட்டம் இயற்றியது: குறித்த மாதங்களில் வேட்டை விலக்கு. இரக்கத்தாலன்று; தம் விளையாட்டு நிலைக்கவே அவர்கள் இதனை வேண்டினர். ஆயினும், அடிச்சுவட்டைத் தேடியலைந்தவர்க்கன்றி மானின் குறைவு வேறு யார்க்கு அத்துணை விரைவில் புலப்பட்டிருக்கும்? 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்திற்குப் பின் உரிமச்சீட்டு வேட்டையும் ஒழிந்தது. சங்கமோ, பெயரை மாற்றிக்கொண்டு, உதகையில் இன்றும் காட்டுயிர்க் காவலை மேற்கொண்டு வருகிறது.