பள்ளிக்கூடத்தை விடும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

(மேல் டிவிஷன் பிள்ளைக்காம்பரா முற்றத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியது.)



காலையில் பெரட்டுக்குப் போய், பகல் முழுக்க மலையில் நின்று, கொழுந்து நிறுத்துவிட்டு, ஒரு வாய் தேத்தண்ணி கூட குடிக்காமல் நேரே இங்கே வந்திருக்கிறீர்கள். ஆகவே நான் நீட்டிப் பேசமாட்டேன். வழக்கமாக நான் வாயைத் திறந்தால் மலசலகூடம், தண்ணிப் பைப்பு, டெங்கு என்றுதான் பேசுவேன். இன்றைக்குப் பேச வந்தது வேறு விஷயம்.

நம்ம தோட்டத்தில் இந்த வருஷம் 10ஆம் ஆண்டு படிக்கிற பிள்ளைகளில் மூன்று பேர் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டார்கள். பெயர் சொல்ல மாட்டேன். யாரையும் குறை சொல்லவும் வரவில்லை. மூன்று வீட்டுக்கும் போய் இஸ்தோப்பில் உட்கார்ந்து பேசினேன். மூன்று வீட்டிலும் ஒரே பதில்தான் கிடைத்தது: "வேலை பழகப் போறான் சேர்."

வேலை பழகுவது நல்ல காரியம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேசன் பாஸ், வயரிங் பாஸ், வெல்டிங் பாஸ் எல்லாம் மரியாதையான தொழில். எல்லாப் பிள்ளையும் கெம்பஸ் போகப் போவதில்லை. புத்தகத்தைக் கண்டால் தூக்கம் வரும், ஸ்பேனரைக் கண்டால் கண் திறக்கும் என்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களை அடித்துப் படிக்க வைத்து ஆகப் போவது ஒன்றுமில்லை. ஆனால் வேலை பழகப் போவது வேறு, வேலைக்காரனாகப் போவது வேறு. இந்த இரண்டையும் நாம் ஒன்றாக நினைத்துவிடுகிறோம். என் வீட்டிலேயே அப்படி நடந்தது. அதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

1998இல் எனக்கு 18 வயது. ஏ.எல். படித்துக்கொண்டிருந்தேன். என் தம்பிக்கு 15 வயது, 9ஆம் ஆண்டு முடித்திருந்தான். அப்பாவுக்கு நெஞ்சு வருத்தம், அதனால் பாதி நாள் அரைப்பேர்தான். அம்மாவின் சம்பளத்தில் இரண்டு பேரைப் படிக்க வைக்க முடியாது. அந்த நேரம் பார்த்து, கொழும்பில் ஒரு வேர்க்‌ஷொப்பில் பொடியன்கள் தேவை என்று ஒருவர் வந்தார். "வெல்டிங் பழக்கித் தருவாங்க, சாப்பாடு, தங்குமிடம் சும்மா, நாலு வருஷத்தில் பெரிய பாஸ் ஆயிடுவான்" என்றார். அம்மா என் முகத்தைப் பார்த்தார். "போகட்டும்மா, தொழில் கைக்கு வரும்" என்று நான்தான் சொன்னேன். இன்றைக்கும் அது என் மனதில் கிடக்கிறது. அவன் அனுப்பிய சில்லறைக் காசில்தான் நான் ஏ.எல். சோதனை எழுதினேன்.

முதல் வருஷம் அவன் பழகியது என்ன? கூட்டுவது, தேத்தண்ணி வாங்கப் போவது, முதலாளி வீட்டுச் சாமான் தூக்குவது. இரண்டாம் வருஷம் இரும்பு தேய்த்தான், பெயின்ட் அடித்தான். மூன்றாம் வருஷம்தான் வெல்டிங் கம்பி கைக்கு வந்தது. அதுவும் முகத்துக்குச் சரியான கண்ணாடி இல்லாமல். இரவில் கண்ணில் மண் அள்ளிப் போட்ட மாதிரி எரியும், உருளைக்கிழங்கை வெட்டிக் கண்ணில் வைத்துக்கொண்டு படுப்பானாம். இதெல்லாம் அவன் அப்போது சொல்லவில்லை. தீபாவளிக்கு வரும்போது புதுச் சட்டை போட்டு வந்தான். நாங்களும் நல்லாயிருக்கிறான் என்றே நினைத்தோம்.

ஒரு தடவை 20 அடி பொக்ஸ் பார் ஒன்றை மூன்றடி நாலங்குலத் துண்டுகளாக வெட்டச் சொல்லியிருக்கிறார்கள். அவன் ஆறு துண்டு வரும் என்று கணக்குப் போட்டு வெட்டினான். கணக்கு சரிதான், மூன்றடி நாலங்குலம் ஆறு தடவை 20 அடி. ஆனால் வெட்டும் ஒவ்வொரு இடத்திலும் வெட்டுத் தட்டு கொஞ்சம் இரும்பைத் தின்றுவிடும். ஒரு வெட்டுக்கு அரைக்கால் அங்குலம் என்று வைத்தாலும், ஐந்து வெட்டுக்கு அரை அங்குலத்துக்கு மேல் போய்விடுகிறது. கடைசித் துண்டு குட்டை. அந்தத் துண்டின் காசைச் சம்பளத்தில் பிடித்தார்கள். வெட்டுக்கு இடம் விட வேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. பின்னத்தைக் கூட்டிப் பார்க்க அவனுக்கும் தெரியவில்லை. "பள்ளிக்கூடக் கணக்கு எதுக்கு உதவும்?" என்று கேட்கிற தம்பிமார் இந்தக் குட்டைத் துண்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

நாலு வருஷம் முடிந்தது. கை நன்றாகப் பழகிவிட்டது. வெளிநாட்டு வேலைக்குப் போகலாம் என்று ஏஜென்சிக்குப் போனான். முதல் கேள்வியே "செர்டிபிகேட் எங்கே?" என்பதுதான். வேலை செய்த இடத்தில் ஒரு கடிதம் கேட்டான், தரவில்லை. ஈ.பி.எப். நம்பரும் கிடையாது. மலையில் கொழுந்து பறிக்கிற நம்ம அம்மாவுக்கு ஈ.பி.எப். இருக்கிறது, கொழும்பில் இரும்பு ஒட்டுகிறவனுக்கு இல்லை! புத்தகத்தில் அவன் பெயர் எப்போதும் "ஹெல்பர்"தான். சம்பளமும் ஹெல்பர் சம்பளம்தான்.

இப்போது நீங்கள் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். ஒரு தகப்பனார் என்னிடம் கேட்டார்: "படிச்சு என்ன சேர்? ஓ.எல். பெயிலாகி மலைக்குத்தானே வரப் போறான்? ரெண்டு வருஷத்தை வீணாக்காம இப்பவே போகட்டுமே?" நியாயமான கேள்விதான். நம்ம பள்ளிக்கூடத்தில் கணக்கு சேர் இல்லாமல் ஓடின வருஷமும் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் மூன்று காரணம் சொல்கிறேன், கேளுங்கள்.

முதலாவது சட்டம். என் தம்பி போன காலத்தில் 14 வயது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் கட்டாயம். 2016இல் அதை 16 வயது வரை கூட்டினார்கள். 2021இல் வேலைக்குச் சேர்க்கக் கூடிய குறைந்த வயதையும் 16 ஆக்கினார்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களை ஆபத்தான வேலைகளில் வைக்கவும் கூடாது. ஆகவே 15 வயதுப் பிள்ளையைக் கேட்டு வருகிற ஆள் சட்டத்துக்கு வெளியேதான் கேட்கிறார். சட்டத்துக்கு வெளியே போன பிள்ளைக்கு அடிபட்டாலும், சம்பளம் கிடைக்காவிட்டாலும், அந்த முதலாளி எங்கே எழுதிக் காட்டுவார்? "அப்படி ஒரு பொடியனே இங்கே இல்லை" என்றுதான் சொல்வார்.

இரண்டாவது, நல்ல பயிற்சிக்கே படிப்பு கேட்கிறார்கள். சில பயிற்சிகளுக்கு 9ஆம் ஆண்டு போதும். ஆனால் நல்ல சம்பளம் தரும் பல பயிற்சிகளுக்கு ஓ.எல். எழுதியிருக்க வேண்டும், கணக்குப் பாடம் பாஸா என்றும் பார்ப்பார்கள். இன்றைக்குத் தேடிப்போகிற தொழிலின் நல்ல வாசலே அந்த இரண்டு வருஷத்துக்கு அப்பால்தான் இருக்கிறது.

மூன்றாவது, இந்தப் படிப்பு நமக்குச் சும்மா கிடைத்தது இல்லை. 1945இல் இந்த நாட்டில் இலவசக் கல்வி வந்தது. ஆனால் தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பெடுத்தது 1970களில்தான். அதுவரை நம்ம தாத்தா பாட்டிமார் ஒரே அறையில், ஒரே வாத்தியாரிடம், நாலைந்து ஆண்டு படித்தால் பெரிய காரியம். 11 ஆண்டு படிக்கிற வழி நம்ம ஆட்களுக்குப் பிந்தித்தான் வந்தது. பிந்தி வந்ததை நாமே முந்திக் கைவிடக் கூடாது.

சரி, 16 வயது முடிந்தது, ஓ.எல். எழுதியாச்சு, பாஸோ பெயிலோ. அதற்குப் பிறகு வேலை பழகப் போகலாம். தாராளமாகப் போகட்டும். ஆனால் அனுப்புகிறதுக்கு முன்னால் ஐந்து கேள்வி கேளுங்கள்.

ஒன்று: எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா? நைட்டா என்று சொல்கிறோமே, தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை, அது பிள்ளைகளை வேலைத்தளங்களில் சேர்த்துத் தொழில் பழக வைக்கிறது. அங்கே ஒப்பந்தம் எழுதித்தான் சேர்ப்பார்கள். வாய்ப் பேச்சுக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

இரண்டு: எத்தனை மாதம்? பயிற்சி என்றால் அதற்கு ஒரு முடிவு உண்டு. "பழகும் வரைக்கும்" என்று சொன்னால் அது முடியவே முடியாது.

மூன்று: கடைசியில் என்ன சான்றிதழ் கிடைக்கும்? தேசிய தொழிற் தகைமை, அதாவது என்.வி.கியூ. சான்றிதழா என்று கேளுங்கள். அதில் 1 முதல் 7 வரை மட்டங்கள் உண்டு. நாலாம் மட்டம் வரை தொழில் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். பள்ளிக்கூடத்தில் பின்னால் நின்ற பிள்ளை இந்த ஏணியிலும் மேலே போகலாம்.

நாலு: எந்த மொழியில் சொல்லித் தருகிறார்கள்? இதை நம்மவர்கள் கேட்பதே இல்லை. போன பிறகு எல்லாம் சிங்களத்தில் நடக்கிறது என்று ஒரு மாதத்தில் திரும்பி வந்த பிள்ளைகள் உண்டு. தமிழில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், போக முன்னாலேயே சிங்களம் எழுத வாசிக்கப் பழக வேண்டும்.

ஐந்து: யாராவது முற்பணம் தருகிறார்களா? தந்தால் அந்த இடத்துக்கு அனுப்பவே வேண்டாம். உண்மையாகத் தொழில் பழக்குகிறவன் தாய் தகப்பனுக்கு முன்காசு கொடுக்க மாட்டான். முன்காசு கொடுத்தால் அவன் வாங்குவது பிள்ளையின் உழைப்பை. அந்தக் காசு கழியும் வரை பிள்ளை வாய் திறக்க முடியாது.

எங்கே போய் விசாரிப்பது என்று கேட்பீர்கள். பிரதேச செயலகத்தில் கேட்கலாம். தொழிற் பயிற்சி அதிகார சபை நிலையங்களும் தொழில்நுட்பக் கல்லூரிகளும் இருக்கின்றன. 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தில், ஓ.எல். பெறுபேறு எப்படி இருந்தாலும் 12, 13ஆம் ஆண்டில் தொழிற்பாடம் படிக்க வழி வைத்தார்கள். அது எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இல்லை, அதிபரிடம் கேட்டுப் பாருங்கள். இதற்கெல்லாம் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் தேவை. அடையாள அட்டைக்கு 15 வயது முடிந்ததும் விண்ணப்பிக்கலாம், பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே அதிபர் மூலம் போட்டால் அலைச்சல் இல்லை. பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழை இருக்கிற வீடுகள் எனக்குத் தெரியும். சோதனை வரும் வரைக்கும் காத்திருக்காமல் இந்த மாதமே கொண்டு வாருங்கள்.

ஏற்கனவே வேலைக்குப் போய்ப் பல வருஷம் ஆன பெரிய பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வழி இருக்கிறது. அனுபவத்தில் பழகிய வேலையைச் செய்து காட்டி, மதிப்பீடு செய்ய வைத்து என்.வி.கியூ. சான்றிதழ் எடுக்கலாம். என் தம்பி 2011இல் அப்படித்தான் எடுத்தான். அதற்குப் போக முன்னால் இரண்டு மாதம் ஒவ்வொரு லீவுக்கும் வீட்டுக்கு வந்து, குப்பி விளக்குக் காலத்தில் படித்த அதே மேசையில் உட்கார்ந்து, என்னிடம் பின்னமும் பரப்பளவும் படித்தான். அவனுக்கு அப்போது 28 வயது. அன்றைக்கு ஒரு வார்த்தை சொன்னான்: "அண்ணே, தொழில்ல எனக்குக் குறை இல்ல. நாலு வருஷத்துல வாங்க வேண்டிய பேப்பரத்தான் பதிமூணு வருஷத்துல வாங்குறேன்." கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தாய்மார்களே, கடைசியாக ஒரு விஷயம். அந்த மூன்று வீட்டில் ஒரு வீட்டிலாவது முற்பணம் வாங்கியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். கூரைத் தகரம் மாற்றவோ, மகளின் சடங்குக்கோ, எதற்கோ தேவை வந்திருக்கும். அதைக் கேட்டு நான் கோபப்படவில்லை, ஆட்களைக் கூட்டி வைத்துக் கேட்கவும் மாட்டேன். இரவில் வந்து சொன்னாலும் சரி. சங்கத்தில் பேசி, சீட்டுக் காசோ கைமாற்றோ, ஏதாவது வழி பார்த்து அந்தக் காசைத் திருப்பிக் கொடுப்போம். வீட்டுக் கடனை 15 வயதுப் பிள்ளையின் தலையில் வைக்க வேண்டாம். அந்த ஆள் மிரட்டினால், 1929 சிறுவர் உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

பின்னால் நிற்கிற தம்பிமார்களே, உங்களுக்கும் சொல்கிறேன். பள்ளிக்கூடம் சலிக்கிறது என்று தெரியும். இன்னும் ஒரு வருஷமும் சில மாதமும்தான். அதைப் பொறுத்துக்கொண்டு ஓ.எல். எழுதிவிட்டு வாங்க. எந்தத் தொழில் பிடிக்கும் என்று சொல்லுங்க, ஃபோம் நிரப்ப, நேர்முகத்துக்குக் கூட்டிப்போக, நான் கூட வருகிறேன். திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூட வாசலில் நிற்பேன். மூன்று பேரையும் அங்கே பார்க்க ஆசைப்படுகிறேன்.

தேத்தண்ணி கொதித்துவிட்டது, குடித்துவிட்டுப் போங்க.