கடல்நீருக்கு அஞ்சாத அலுமினியம்

உப்புக் காற்றுப் பட்ட இரும்பு விரைவில் துருவேறும் என்பதைக் கடற்கரைவாசிகள் நன்கு அறிவர். ஆயினும் அதே உப்பு நீரில் ஆண்டுக்கணக்காக மிதக்கும் படகுகளை அலுமினியத் தகட்டால் கட்டுகின்றனர். இதற்குப் பெரிதும் பயன்படும் உலோகக் கலவை, 5083 என்னும் எண்ணால் வழங்குவது. இதில் நூற்றுக்கு 4 முதல் 4.9 பங்கு வரை மக்னீசியமும், சிறிதளவு மாங்கனீஸும் குரோமியமும் உண்டு. இதன் எடை, எஃகின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே.

இது கடலைத் தாங்குவது எவ்வாறு? காற்றுப் பட்டவுடன் அலுமினியத்தின் மேல் கண்ணுக்குப் புலனாகாத ஆக்ஸைடுப் படலம் படிகிறது. இரும்பின் துரு உதிர்ந்துவிடும். இப்படலமோ உலோகத்தோடு ஒட்டி நின்று காக்கிறது. கீறினாலும் தானே மீண்டும் உண்டாகிறது. ஆனால் பித்தளையோ எஃகோ நேரே தொட்டிருக்க, இரண்டும் கடல்நீரில் நனைந்தால், மின்வேதி விளைவினால் அலுமினியமே அரிபடும். ஆகவே அவற்றினிடையே மின்சாரம் கடத்தாத தடுப்பு வைத்தல் வேண்டும்.

இக்கலவையைக் காய்ச்சிக் குளிர்வித்து வலுவேற்ற இயலாது. குளிர்ந்த நிலையில் உருட்டுவதாலேயே இது வலிமை பெறுகிறது. அவ்வாறு வலுவேற்றிய தகட்டைப் பற்றவைத்தால், இணைப்பின் அருகே அவ்வலிமையில் ஒரு பகுதி போய்விடும். கப்பலை வரைபவர் இதைக் கணக்கிலே சேர்த்தாக வேண்டும்.

இதனினும் மறைவான பகை ஒன்று உண்டு. நெடுங்காலம் 65 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தில் இருந்தால், மக்னீசியம் மிகுந்த நுண்பொருள் உலோக மணிகளின் எல்லைகளில் படிந்து, அவ்வழியே அரிப்பும் வெடிப்பும் தோன்றும். 1983இல் பணியேற்கத் தொடங்கிய அமெரிக்காவின் டிகாண்டெரோகா வகைப் போர்க்கப்பல்களின் மேற்கட்டில், இதன் இனமான 5456 கலவை இவ்வாறே வெடிப்புற்றது. எனவே இயந்திர அறை போன்ற சூடான இடங்களில் மக்னீசியம் குறைந்த கலவையே தகும்.

இனி, பட்டறை வேலையைக் கவனிப்போம். இது மென்மையான உலோகம். வெட்டுளியின் முனையில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே உளி கூர்மையாகவும் வழவழப்பாகவும் இருத்தல் வேண்டும். குளிர்விக்கும் திரவம் தாராளமாகப் பாய வேண்டும். சீவல்கள் தேங்காமல் வெளியேற வேண்டும். தடித்த தகட்டை ஒரே பக்கத்தில் ஆழமாகச் சீவினால் அது வளைந்துவிடும். இருபுறமும் மாறி மாறிச் சீவுதல் நன்று. சூட்டில் இது எஃகைப் போல் ஏறத்தாழ இருமடங்கு விரியுமாதலால், ஆறிய பின்னரே அளவெடுத்தல் வேண்டும். எஃகைத் தேய்த்த சாணைச் சக்கரத்தையும் கம்பித் தூரிகையையும் இதன்மேல் பயன்படுத்தலாகாது. பதிந்த இரும்புத் துகளே அரிப்புக்கு வித்தாகும்.

கடலைத் தாங்கும் இயல்பு உலோகத்தில் இருக்கிறது. அதைக் கெடாமல் காக்கும் பொறுப்போ தொழிலாளியின் கையில் இருக்கிறது.