ஓட்டை போடும் வேலை



"என்னப்பா வேலை பார்க்கிறே?" என்று கேட்டால், "ஓட்டை போடுற வேலை" என்றுதான் சொல்வேன். விமானப் பாகங்களில், கார்பன் இழைக் காம்போசிட்டில். சிரிக்கிறீர்கள்! 2009-இல் முதன்முதலாகப் பறந்த போயிங் 787-இன் எடையில் ஏறக்குறையப் பாதி காம்போசிட்தான். நம் தேஜஸின் இறக்கையும் அதுவே.

இரும்பில் துளை போட்ட பழக்கம் இங்கே உதவாது. தலைமுடியைவிட மெல்லிய இழைகளை ரெசினில் தோய்த்து, அடுக்கடுக்காக வைத்து, ஆட்டோகிளேவில் வேகவைத்து எடுக்கிறோம். இழையின் திசையில் எஃகுக்கே சவால் விடும். ஆனால் அடுக்குகளுக்கு நடுவே பிடித்துக்கொண்டிருப்பது வெறும் ரெசின். பரோட்டா மாதிரின்னு வெச்சுக்குங்களேன்.

ட்ரில் நுழையும்போது மேலடுக்கை உரிக்கப் பார்க்கும். வெளியே வரும்போதுதான் பெரிய ஆபத்து. கடைசி ஓரிரு அடுக்கை வெட்டாமல் தள்ளிவிடும், அடுக்கு பிரிந்துவிடும். மேலிருந்து பார்த்தால் துளை அழகாகவே இருக்கும்! பிசிறு என்றால் அரம் போட்டுத் தேய்த்துவிடலாம், பிரிந்த அடுக்கை என்ன செய்வது? துளையோ கடைசிக் கட்ட வேலை. அதற்குள் அந்தப் பாகத்தில் எத்தனையோ பேர் உழைப்பு ஏறியிருக்கும்.

அடியில் பலகையை இறுக்கி வைக்க வேண்டும், வெளியேறும் நேரத்தில் ஃபீடைக் குறைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, ட்ரில் கூராக இருக்க வேண்டும். கார்பன் இழை அதைத் தின்றுவிடும். ஹைஸ்பீடு ஸ்டீல் சீக்கிரமே மழுங்கும். கார்பைடு அல்லது வைர முனைதான் தாங்கும். விலையும் அதற்கேற்ப. "இன்னும் பத்து ஓட்டை ஓட்டுப்பா" என்று மேலிருந்து சொல்லும்போது, "முடியாது சார்" என்று மெஷினை நிறுத்துகிற ஆபரேட்டருக்கு நான் சல்யூட் அடிப்பேன்.

தூள் விஷயம் தனி. கருந்தூள் மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கேடு. மின்சாரம் கடத்துவதால் பேனலுக்குள் புகுந்தால் ஷார்ட் சர்க்யூட். பேனலுக்கு ஃபில்டர் என்றால் உடனே பணம் வருகிறது. ஆளுக்கு நல்ல மாஸ்க் கேட்டால் ஃபைல் நகர மாட்டேன் என்கிறது. வேக்குவம் ட்ரில் முனையிலேயே உறிஞ்ச வேண்டும், மாஸ்க்கும் வேண்டும். இதில் பேரமே கூடாது.

நம் வொர்க்‌ஷாப்புக்கு ஒரு வேண்டுகோள். கண்ணாடி இழைத் தகடு ஒன்றில் அடியில் பலகையோடு ஒரு துளை, பலகை இல்லாமல் ஒரு துளை போட்டு, மாணவர்கள் புரட்டிப் பார்க்கட்டும். வேக்குவமும் மாஸ்க்கும் என் செலவு. ஹெச்.ஓ.டி. ஐயா தேதி மட்டும் சொன்னால் போதும்.